மேடையும் மக்ரோனியும்

பெண்களை அடுப்படியிலிருந்து மேடைக்குக் கொண்டுவந்தவள் என்று எனக்கு விருதாம். எங்களைப் போன்ற கறுப்பர்களுக்கு வாடகைக்கு வீடு தர மறுத்தவர்களை அமெரிக்காவின் டொலீடோ நகரசபையில் எங்கள் சங்கப் பெண்கள் பேசிக் கிழித்தெடுத்தது என் பயிற்சியில்தான். விழாவன்று தேவாலயக் கூடத்தில் என் பெயரைக் கூப்பிட்டபோது நான் கூடத்து அடுப்படியில் இருந்தேன். விருந்துக்கு அடுப்பில் வேகும் சீஸ் மக்ரோனியை இன்னொருத்தி கையில் விட முடியுமா?

"வெர்னெட்டா, மேடைக்கு வாடி!" என்று கத்தினாள் தோழி லொரெய்ன்.

"மேல இன்னும் செவக்கலடி!"

"நான் பாத்துக்கறேன், போ."

"போன வருஷம் இதுல ரொட்டித்தூள் தூவிக் கெடுத்தவதானே நீ!"

ஏப்ரனோடு மேடையேறி முழங்கினேன்: "சகோதரிகளே, இனி நாம யாரும் அடுப்படிக்குத் திரும்பக் கூடாது!"

கைதட்டல் ஓயுமுன் தீய்ந்த வாசனை வந்தது. விருதோடு அடுப்படிக்கு ஓடினேன். பின்னாலேயே சகோதரிகள் அத்தனை பேரும் ஓடிவந்தார்கள்.