ஏழாம் மாடியில் இரண்டு கதவுகள்

2021ஆம் ஆண்டு அக்டோபர் 14, வியாழக்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணிக்கு சோவெத்பெக்கை முதன்முதலாகச் சந்தித்தேன். எங்கள் வீட்டு வாசலில் ஓர் இரும்புக் கதவைச் சாய்த்து வைத்துவிட்டு, அதன்மேல் நெற்றியை முட்டுக்கொடுத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அந்தக் கட்டடத்தில் அப்போது மின்தூக்கி இல்லை. அதற்கான குழி மட்டுமே இருந்தது. ஏழு மாடி ஏறி வந்த அந்தக் கதவு எங்களுடையதன்று.

எங்கள் கதவு உள்ளே, கண்ணாடி பொருத்தாத சன்னலருகே, தாள்கூடப் பிரிக்கப்படாமல் நின்றது. அதை முந்தின நாளே மாட்டியிருக்க வேண்டும். கட்டுமான முதலாளி திங்கட்கிழமை நாட்டைவிட்டே போய்விட்டான். ஒரே வீட்டைப் பலருக்கு விற்றிருக்கிறான் என்ற செய்தி செவ்வாயன்று பரவியது. எங்கள் தலைநகர் பிஷ்கெக்கில் புதுவீடு வாங்குகிறவனுக்குக் கிடைப்பது வெறும் சிமெண்டுக் கூடு. தரையும் குழாயும் வாசற்கதவும் அவன் பாடு. ஆகவே யார் கதவு நிலையில் ஏறுகிறதோ அவரே வீட்டுக்காரர், நீதிமன்றமெல்லாம் பிறகு. புதன்கிழமை முழுவதும் படிக்கட்டில் கதவுகள் ஏறிக்கொண்டே இருந்தன.

என் மனைவி சல்தனத் மட்டும் மறுத்துவிட்டாள். புதுவீட்டில் முதலில் எண்ணெய் மணம் எழ வேண்டும்; ஏழு ரொட்டி பொரித்து, இறந்தவர்கள் பேரில் ஓத வேண்டும்; வழக்கப்படி அதை வியாழக்கிழமைதான் செய்யலாம்.

"கதவை மாட்டிட்டுப் பொரியேன்" என்று கெஞ்சினேன்.

"சாத்தின வீட்டுக்குள்ள எங்கப்பா எப்படி வருவாரு? அழைப்பு மணி அடிப்பாரா?"

அவளுடைய தந்தை இசாபெக்கின் வீட்டை இடித்துத்தான் இந்தக் கட்டடம் எழுந்தது. பாதாமிப் பழ மரங்கள் நின்ற அந்தத் தெருவில், அவர் காலத்துக்குப் பிறகு நாங்கள் குடியிருந்ததும் அந்த வீட்டில்தான். நிலத்தை அதே முதலாளிக்குக் கொடுத்து, மிச்சத்துக்குக் கடன்பட்டு, இந்த ஏழாம் மாடி வீட்டை எடுத்திருந்தோம். இது போனால் எங்களுக்குத் திரும்பிப் போக ஒரு கூரை இல்லை.

சோவெத்பெக் நிமிர்ந்தார். உள்ளே சல்தனத் ரொட்டி பொரித்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும், மலைக்காற்றில் கன்னம் கறுத்திருந்தது. பின்னால் அவருடைய மைத்துனன் மீர்லான், தோளில் பற்றவைப்பு எந்திரத்தோடு வந்து நின்றான்.

"நாப்பத்தொண்ணாம் நம்பர் வீடு இதுதானே அண்ணே?"

"இதுதான். இது எங்க வீடு."

"அப்படியா? எங்க வீடும் இதுதான்."

ஒப்பந்தத்தை நீட்டினார். நானும் என்னுடையதை எடுத்தேன். இரண்டிலும் ஒரே கையெழுத்து, ஒரே முத்திரை. தேதி மட்டும் வேறு. அவருடையது மார்ச் மாதத்தது. எங்களுடையது மே மாதத்தது. அவர் அதைக் கவனித்தார். நான் கவனித்ததையும் கவனித்தார்.

"நான் உங்களுக்கு முந்தி வாங்கிட்டேன் அண்ணே" என்றார் அமைதியாக. "அத்பாஷி மலையூருல இருந்த குதிரை, ஆடு எல்லாத்தையும் வித்துட்டு வந்திருக்கேன். பொண்டாட்டி நிறைமாசம். இவன் வீட்டுத் தாழ்வாரத்துல படுத்திருக்கா."

"பேச்சென்ன மச்சான்? சட்டியோட தூக்கி வெளிய வெச்சிடலாம்" என்றான் மீர்லான்.

"தொட்டுப் பாரு. எண்ணெய் கொதிக்குது" என்றாள் சல்தனத், திரும்பாமலே.

நான் வாசலின் குறுக்கே போய் நின்றேன்.  மீர்லான் எந்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையை உதறினான். அடித்தால் நான் ஒரே அடியில் விழுவேன் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அப்போது சல்தனத் ரொட்டித் தட்டோடு எழுந்து வந்தாள். எங்கள் நாட்டில் ரொட்டியைக் கண்டவன் ஒரு துணுக்காவது வாயில் வைக்காமல் நகரக்கூடாது.

"வாய் வெச்சுட்டுப் பேசுங்க தம்பி."

சோவெத்பெக் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாம் அக்கா. இதைத் தின்னா நான் விருந்தாளி. விருந்தாளி கதவு மாட்ட முடியாது."

மீர்லான் அதற்குள் ஒன்றை எடுத்து மென்றுகொண்டிருந்தான். "எனக்கு இந்த வீட்டுல பங்கில்லையே, நான் தின்னலாம்ல?" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

"சரி, திங்காதீங்க. ஓதத் தெரியுமா?" என்று கேட்டாள் சல்தனத். "பள்ளிவாசல்ல சொல்லிவிட்ட ஆளு இன்னும் வரலை. என் வீட்டுக்காரருக்குச் செய்தித்தாள் வாசிக்கத்தான் தெரியும். எங்கப்பா காத்துக்கிட்டிருக்காரு."

அவள் தந்திரம் செய்தாளா என்று பிறகு பலமுறை கேட்டிருக்கிறேன். இல்லை என்றே சொல்வாள். நம்புகிறேன்; ரொட்டி ஆறிவிடுமே என்ற கவலைதான் அவள் முகத்தில் இருந்தது.

சோவெத்பெக் என்னைப் பார்த்தார். தன் கதவைப் பார்த்தார். இறந்தவருக்காக ஓதச் சொன்னால் தெரிந்தவன் மறுக்க முடியாது. காலணியைக் கழற்றி, வெறும் சிமெண்டில் மண்டியிட்டார்.

"பேரு?"

"இசாபெக்."

குரல் தாழ்ந்து, தெளிவாக இருந்தது. ஓதி முடித்ததும் பயனை உரியவர்க்குச் சேர்ப்பிக்க வேண்டும். அதற்கென்று வழிவழியாகச் சொல்லும் சொற்கள் உண்டு. "இது இசாபெக்குக்கும், இந்த..." என்று தொடங்கி நிறுத்தினார். அடுத்து வர வேண்டியது 'இந்த வீட்டாருடைய முன்னோர்க்கும்' என்பது. சட்டியில் எண்ணெய் சடசடக்கும் ஒலி கேட்டது. மீர்லான் மெல்லுவதை நிறுத்தினான்.  வீட்டார் என்று அவர் யாரைச் சொல்வார்? சொல்லாமல் எழுந்துவிட்டால் ஓதியது பாதியில் நிற்கும். அதைவிடப் பெரிய அவமரியாதை இறந்தவனுக்கு இல்லை.

கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்த வீட்டாரான இசாபெக்கின் மகளுடைய முன்னோர்க்கும் சேரட்டும்."

உள்ளங்கைகளால் முகத்தைத் தடவினார், நாங்களும் தடவினோம். பின் ஒரு ரொட்டியைப் பிட்டு வாயில் வைத்து, மெதுவாகத் தின்றார்.

"கதவைத் தூக்குடா" என்றார் மைத்துனனிடம்.

"மச்சான், மூளை கலங்கிடுச்சா? நம்ம பத்திரம் முந்தினது!"

"தெரியும். இந்த வீட்டாருன்னு என் வாயாலயே சொல்லிட்டேன். இனிமே நம்ம கதவைத் தூக்கி நிறுத்தினா, அல்லாகிட்ட ஒரு கணக்கு, உன்கிட்ட ஒரு கணக்கா?"

"அக்காகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"அதை நான் சொல்லிக்கிறேன். நீ அந்தப் பக்கம் பிடி."

அந்தக் கதவு ஏழு மாடியும் இறங்கிய ஓசை நெடுநேரம் கேட்டது. அன்று மாலையே எங்கள் கதவை மாட்டினோம்.

மறுமாதம் அவருக்கு ஆண்குழந்தை பிறந்தது. தொட்டில் விருந்துக்கு எங்களையும் அழைத்தார். அவர் மனைவி என் மனைவிக்குத் தேநீர் ஊற்றினாள், முகத்தைப் பார்க்கவில்லை. சோவெத்பெக் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் அடித்தள அறையொன்றை வாடகைக்குப் பிடித்து, வாடகை வண்டி ஓட்டலானார். வழக்கறிஞரைப் பார்த்தாராம், 'தேதியே போதும், அவர்களை வெளியேற்றிவிடலாம்' என்று அந்த வழக்கறிஞர் சொன்னதை எங்கள் வீட்டில் உட்கார்ந்துதான் சொன்னார்.

"அப்புறம்?" என்றேன். 

"அப்புறம் என்ன, அண்ணே? டீ ஆறுது, ஊத்துங்க."

வீட்டுக்குப் பதிலாக வேறு எதையாவது கேட்கும்படி இருமுறை அவரை வற்புறுத்தினேன். "வழக்குப் போட மூணு வருஷம் இருக்கு. யோசிச்சுச் சொல்றேன்" என்று சிரித்தார். அது கேலியா அன்றா என்று எனக்கு விளங்கவில்லை. முத்திரையிட்ட உறை எது வந்தாலும் சல்தனத்தைத்தான் பிரிக்கச் சொல்வேன். அவள் தரைக்கு ஓடு பதிக்கச் சொன்னபோதும், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றே தள்ளிப்போட்டேன்.

2024ஆம் ஆண்டு அக்டோபரில் அந்தக் கெடுவின் கடைசி நாள் வந்தது. நான் விடுப்பு எடுத்துக்கொண்டு, நீதிமன்றம் மூடும் வேளைவரை வீட்டிலேயே இருந்தேன். ஒருவரும் வரவில்லை. சோவெத்பெக் அன்று இசிக்குல் ஏரிப் பக்கம் சவாரி போயிருந்ததாக மீர்லான் பிறகு சொன்னான்.