சாம்பலர்கள் ஏன் வந்தார்கள்?

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு காலேஜ் பையன்கள். செல்லில் அந்தச் சாம்பலர் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. "சாம்பலருக்கு நோக்கம்னு ஒண்ணும் கெடையாதுலே. சும்மா கொல்ல வாரானுக, அம்புட்டுதான்" என்றான் ஒருவன். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. முப்பத்தைந்தைத் தாண்டின பொம்பளை, மடியில் கத்தரிக்காய்ப் பையை வைத்துக்கொண்டு, முன்னப்பின்னத் தெரியாத பையன்களோடு வம்புக்குப் போகலாமா? போனேன். "தம்பி, அது தப்பு" என்றேன். திரும்பிப் பார்த்தார்கள். "அக்கா, நீங்க இதெல்லாம் பாப்பீங்களா?" என்று ஒரு சிரிப்பு. ஊர் வந்து இறங்குகிற வரைக்கும் விடவில்லையே நான்!

நீங்கள் அந்தத் தொடரைப் பார்த்திருக்காவிட்டால் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரன் எடுத்து, தமிழில் பேச வைத்தது. ராஜா, ராணி, வாரிசுச் சண்டை, குதிரை, கத்தி எல்லாம் உண்டு, அதை விடுங்கள். பெரிய அருவி ஒன்றுக்குப் பின்னாலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு கூட்டம் இறங்கி வரும். கோட்டை வாசலில் வரிசையாக நிற்கும். வாயே திறக்காது. கையை மட்டும் ஆட்டும். கோட்டைக்காரர்கள் அம்பு விடுவார்கள். பாதிப் பேர் விழுவார்கள், மீதிப் பேர் போய்விடுவார்கள். மறுபடியும் வருவார்கள். ஏன்? பார்க்கிற அத்தனை பேருக்கும் இதே பேச்சுதான். கை ஆட்டுவது மந்திரம் என்றான் ஒருத்தன். பிள்ளை பிடிக்க வருகிறார்கள் என்றான் இன்னொருத்தன். செத்துப்போன ராஜாவின் படை என்று பத்துப் பக்கத்துக்கு எழுதினவனும் உண்டு.

அந்தத் தொடர் வந்துகொண்டிருந்த காலத்தில் நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் இருந்தேன். மிஷின் எண்ணெயும் பஞ்சுத் தூசியும் கலந்த வாசம் எங்கேயாவது வந்தால் இன்றைக்கும் என் தொண்டை தானாகச் செருமும். நூல் நூற்கிற ரிங் ஃப்ரேம் மிஷின்கள் ஓடுகிற ஷெட்டுக்குள் பக்கத்தில் நிற்கிறவள் கத்தினாலும் கேட்காது. அதனால் எங்களுக்கெல்லாம் கைப்பேச்சு. வயிற்றைத் தடவினால் சாப்பாட்டு நேரம். மீசையை முறுக்கினால் மேஸ்திரி வருகிறார். மாமியாரைத் திட்டுவதற்குக்கூட ஒரு சைகை உண்டு, அதை இங்கே எழுத முடியாது.

எனக்கு அடுத்த மிஷினில் சோழபுரத்துச் சங்கரி. கேன்டீனில் டீ ஆறுகிற நேரத்தில் அவள் செல்லில் நாலைந்து பேர் தலையை முட்டிக்கொண்டு தொடரைப் பார்ப்போம். ஒரு நாள் சாம்பலன் ஒருத்தன் கையைத் திருப்பி ஏதோ காட்டினான். சங்கரி டம்ளரை டொக்கென்று வைத்தாள்.

"ஏட்டி, இது மந்திரமும் இல்ல மாயமும் இல்ல. அவிய அருவிக்குப் பின்னால குடியிருக்கவிய. அந்த இரைச்சல்ல வாயால எப்படிப் பேசுவாவ? நம்மள மாதிரி கையால பேசுதாவ."

"அப்ப எதுக்கு வாராவ?"

"என்னமோ சொல்ல வாராவ. கோட்டைக்காரனுக்கு வெளங்கல. பயந்துபோயி அம்பு விடுதான்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. அன்றைக்கே எங்கள் மில் கைப்பேச்சையும் சேர்த்து ரசிகர்கள் குரூப்பில் எழுதிப் போட்டேன். என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? சாம்பலன் தலையில் பஞ்சு மூட்டையை வைத்துப் படம் போட்டார்கள். 'மில்லு தியரி' என்று பேர் வேறு வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் குரூப் நடத்துகிறவன் பதிவையே தூக்கிவிட்டான். நான் திட்டித் தீர்த்தேன். சங்கரிக்கு முகம் செத்துப்போய் இருந்தது.

அவளுக்கு ஏன் அவ்வளவு வலித்தது என்று எனக்கு மட்டும் தெரியும். அவளுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. மில் சத்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. "வெளிய மூச்சு விட்டுராத, எவன் கட்டுவான்?" என்று அவள் அம்மா வாயைக் கட்டி வைத்திருந்தாள்.

தொடரின் கடைசிப் பாகமும் வந்தது. சாம்பலர் அத்தனை பேரையும் தீ வைத்துக் கொளுத்தினார்கள். கை ஆட்டினது சாபமாம்! சங்கரி செல்லைக் கவிழ்த்தாள். "எழுதினவனுக்கே வெளங்கல" என்றாள். நானும் அதைத்தான் சொல்கிறேன். அவன் எழுதிவிட்டால் என்ன? அவன் சொன்னதை நான் ஒத்துக்கொள்ள வேண்டுமா? மாட்டேன்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கூமாப்பட்டியிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பட்டாளத்தில் இருந்தான், நல்ல இடம். அவள் அம்மா என்னை வரச்சொல்லிப் பக்கத்தில் உட்கார வைத்தாள். அவர்கள் கேட்பதை நான் மடிக்குக் கீழே கையால் காட்ட வேண்டும், அவள் பதில் சொல்ல வேண்டும். மில்லுக்காரிகளின் தந்திரம்! பேரு, படிப்பு, சமையல் வரைக்கும் நன்றாகத்தான் ஓடியது. அதற்குள் என் கை மாப்பிள்ளையின் அக்கா கண்ணில் பட்டுவிட்டது.

"அதென்ன, கைய கைய ஆட்டுதீய?"

"சும்மா, பழக்கம்" என்றாள் அம்மா அவசரமாக.

நான் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன். சங்கரி எங்கள் முகங்களைப் பார்த்தாள். பார்த்துவிட்டு எழுந்து நின்றாள்.

"எனக்குக் காது சரியாக் கேக்காது. மில்லுல போச்சு. நீங்க கேக்கத இவ கையால சொல்லுதா. நீங்களும் கையால கேட்டா எனக்கு வெளங்கும்."

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்றாள் அந்த அக்கா. அதையும் நான் கையால் காட்டினேன்.

"இப்பச் சொல்லிட்டேன்ல."

காப்பியைக் குடித்தார்கள், கேசரியைத் தொடவில்லை, போய்விட்டார்கள். அம்மா அடுப்படியில் அழுதாள். நாங்கள் இரண்டு பேரும் கேசரித் தட்டுகளை வழித்துத் தின்றோம். எனக்கு அன்றைக்கு அவளை நினைத்து அவ்வளவு பெருமை.

சங்கரி இப்போது ஒரு பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறாள். காதில் மெஷின் வைத்திருக்கிறாள். முடியை இழுத்துக் கட்டி, யார் பார்த்தாலும் தெரிகிற மாதிரிதான் வைத்திருக்கிறாள். எங்களைப் பார்த்துச் சிரித்த அந்த ரசிகர்கள் குரூப் இன்றைக்கு இல்லை. மில்லும் இல்லை. ஷெட்டை இடித்துப் பிளாட் போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள். ஒரு நாள் இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம். எங்கள் மிஷின் நின்ற இடத்தை அவள்தான் சரியாகக் கண்டுபிடித்தாள். காதிலிருந்து மெஷினைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"ஒனக்கு இங்க எதாவது சத்தம் கேக்குதா?" என்றாள்.

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"எனக்குக் காதுக்குள்ள இன்னும் ஓடுதுடி. ஒரு நிமிசங்கூட நிக்கல."