கவிழ்த்து வைத்த தம்ளர்

அவனுக்கு ஊர் வைத்த பட்டப்பெயர் வைத்தியன். மரத்துக்கு வைத்தியம் பார்க்கிறவனாம். கேலிதான். அவன் இதுவரை ஒரு மரத்தையும் பிழைக்க வைத்ததில்லை. வனத்துறையில் அவனுக்குக் கொடுத்த வேலை வேறு. கோடாரியின் பின்பக்கத்தால் மரத்தைத் தட்டிக் கேட்க வேண்டும். சந்தேகம் வந்தால் பட்டையை உரித்துப் பார்க்க வேண்டும். உள்ளே புழு நெளிந்து போன தடம் இருந்தால் அடிமரத்தைச் சுற்றிச் சிவப்புப் பெயிண்டால் ஒரு வளையம் போட வேண்டும். பின்னாலேயே ரம்பக்காரர்கள் வந்து வெட்டி, அங்கேயே எரித்துவிட்டுப் போவார்கள்.

புழுவுக்குத் தாய் ஒரு பச்சை வண்டு. நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிது. பளபளப்பைப் பார்த்தால் கம்மலில் பதித்துக்கொள்ளலாம் போலிருக்கும். கடல் தாண்டி வந்த சரக்குப் பெட்டிகளின் பலகைக்குள் உட்கார்ந்துகொண்டு டிக்கெட் இல்லாமல் வந்திறங்கியது. சொந்த நாட்டில் அது பரம சாதுவாம், அங்குள்ள மரங்களுக்கு அதைச் சமாளிக்கத் தெரியுமாம். இந்தக் காட்டு மரங்களுக்கு அப்படியொரு ஜென்மம் இருப்பதே தெரியாது.

வைத்தியனின் ஜனங்கள் அந்தக் காட்டுக்காரர்கள். குழந்தை பிறந்தால் குடியிருப்புக்கு மேலே உள்ள சரிவில் அதன் பேரில் ஒரு கன்று நடுவார்கள். அந்த மரம் விழுந்தால் ஆளும் போன மாதிரி. உறவுக்காரர் ஒவ்வொருவருக்கும் வீட்டு அலமாரியில் ஒரு தம்ளர் இருக்கும், போனவரின் தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். அந்த ஆள் கண்முன்னால் மூச்சுவிட்டுக்கொண்டு நடமாடினாலும் அதன்பிறகு பேச்சு கிடையாது, கூப்பிடக் கூடாது, அவர் கையால் எதையும் வாங்கக் கூடாது. இடி விழுந்து எப்போதோ ஒரு மரம் போகும், அவ்வளவுதான். அதனால் இந்த வழக்கம் எத்தனை கொடூரமானது என்று உட்கார்ந்து யோசிக்க யாருக்கும் அவசியம் வரவில்லை.

வைத்தியனை வளர்த்தது அவன் அக்கா. அம்மாவும் அப்பாவும் காய்ச்சலில் போன பிறகு ரொட்டி சுட்டு விற்று, தான் கல்யாணம் கட்டாமல், இவனுக்குக் கட்டிவைத்தவள். பக்கத்து வீடுதான், நடுவில் ஒரு சுவர். வாய் மட்டும் காது வரைக்கும் நீளம். குடியிருப்பில் அவளிடம் திட்டு வாங்காமல் ரொட்டி வாங்கியவர்கள் கிடையாது.

அவள் மரத்தின் பட்டையில் ஓட்டையைப் பார்த்த அன்று வைத்தியன் நேராக அவளிடம்தான் வந்தான்.

"உன் மரத்துல ஓட்டை விழுந்திருக்குக்கா."

மாவு பிசைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை. "ஓட்டைதான? மண்ண அப்பி மூடு. இவ்ளோ பெரிய ஆம்பளைக்கு இதுகூடவா தெரியாது?"

"மூடினா உள்ள இருக்கறது பக்கத்து மரத்துக்குப் போயிடும். அங்க எல்லார் வீட்டுப் புள்ளைங்க மரமும் இருக்கு. என் பொண்ணு மரமும் இருக்கு."

"அப்ப நான்?"

அவன் தரையைப் பார்த்தான். அக்கா மாவைப் புரட்டிப் போட்டாள்.

"சரி, போய்ச் சிவப்பப் பூசு. கோணலா பூசித் தொலைக்காத, பாக்கறவன் சிரிப்பான்."

அவன் பூசினான். மரம் விழுந்த அன்று சாயங்காலம், மனைவி மாட்டேன் என்று திரும்பிக்கொண்டதால், அக்காவின் தம்ளரைத் தன் கையாலேயே கவிழ்த்தான். மறுநாள் அவர்கள் கூட்டத் தலைவர் அவன் தோளைத் தட்டி, "கூடப்பிறந்தவன்னுகூடப் பாக்கல, நீதான்யா நேர்மையானவன்" என்றார். வைத்தியனுக்கு உள்ளூரக் குளிர்ந்தது. வெட்கக்கேடு, ஆனால் குளிர்ந்தது.

குடியிருப்பில் அக்காவின் ரொட்டியை அதன்பிறகு ஒருவரும் தொடவில்லை. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு டவுன் பஸ் நிலையத்துக்குப் போய் விற்றாள். அங்கே அவள் உயிரோடு இருந்தாள், பேரம் பேசினாள், சண்டை போட்டாள். வீட்டுக்குத் திரும்பினால் செத்துவிடுவாள். ஆரம்பத்தில் வழியில் தம்பியைப் பார்த்தால், "டேய், சட்டையில பொத்தான் அறுந்திருக்கு பாரு" என்பாள். அவன் தூணைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி அவளைச் சுற்றிக்கொண்டு போவான். போகப் போக அவளும் சொல்வதை விட்டுவிட்டாள்.

மழைக்காலத்தில் அவள் படுத்துக்கொண்டாள். இருமல் சுவரைத் தாண்டி வந்தது. மனைவி கஞ்சியை எடுத்துக்கொண்டு கிளம்ப, வைத்தியன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"ஏங்க, மனுஷங்கதானா நீங்க?"

"நம்ம பொண்ண நாளைக்கு யாரு கட்டுவான்? பேசாம உள்ள போ."

இருமல் நிற்கவில்லை. அவன் எழுந்து ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்தான்.

அக்கா எப்படியோ தானே எழுந்து நடமாடினாள். அடுத்த கோடையில் சரிவு முழுக்க உச்சிக் கிளைகள் மொட்டையாகின. தட்டிய மரத்தில் எல்லாம் ஓட்டை. வைத்தியன் வனத்துறை ரேஞ்சரிடம் ஓடினான்.

"முதல் மரத்த உடனே வெட்டிட்டோமே சார், அப்புறம் எப்படி?"

ரேஞ்சர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டே சொன்னார்: "ஓட்டை கண்ணுக்குத் தெரியறப்பவே பூச்சி உள்ள வந்து ரெண்டு மூணு வருஷம் ஆயிருக்கும்யா. அப்பவே எல்லா மரத்துலயும் இருந்திருக்கும். நீ அத வெட்டினதும் ஒண்ணுதான், விட்டதும் ஒண்ணுதான்." சொல்லிவிட்டு இன்னொரு பிஸ்கட் எடுத்தார்.

சிவப்பு வளையம் ஒவ்வொரு மரமாக ஏறி, ரம்பக்காரர்கள் வருவதற்குள் கூட்டத் தலைவரின் மரத்துக்கும் வந்தது. வழக்கத்தைப் பற்றி அதுவரை வாய் திறக்காத தலைவர் மறுநாளே எல்லோரையும் கூட்டினார்.

"பூச்சி தின்னதுக்கு மனுஷன் என்ன பண்ணுவான்? மரமே இல்லன்னா வழக்கம் எதுக்கு? இனிமே அது கிடையாது."

எல்லாத் தலைகளும் ஆடின. யாரோ ஒருத்தர் ஞாபகம் வந்து, "அப்ப வைத்தியன் அக்கா?" என்று கேட்டார்.

"அதுவும் செல்லாது. இன்னியிலேர்ந்து அந்தம்மா உயிரோடதான்." தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். தன் உயிருக்கு ஆபத்து என்றால் மனிதனுக்கு எவ்வளவு சீக்கிரம் புத்தி வருகிறது!

வைத்தியன் அங்கிருந்தே ஓடினான். அக்கா வீட்டு வாசற்படியை அத்தனை நாள் கழித்து மிதித்தான். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பாதி உடம்பாகியிருந்தாள். அவன் அலமாரியைப் பார்த்தான். அவனுடைய தம்ளர் நிமிர்ந்தே இருந்தது. அன்று காலையில் கழுவிய ஈரம்கூடக் காயவில்லை.

"அக்கா, எல்லாம் முடிஞ்சுதுக்கா. இனிமே பேசலாமாம். நான் ஒரு மடையன், உன் மரத்த வெட்டாமலே இருந்திருக்கலாம், ரேஞ்சரே சொல்லிட்டாரு. என்னைத் திட்டுக்கா. எங்க எல்லார் மரமும் போச்சு. என் மரத்தக்கூட இன்னிக்குக் காலைல வெட்டிட்டாங்க."

அவள் கை நின்றது.

புடவைத் தலைப்பில் மாவைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அலமாரியிலிருந்து அவன் தம்ளரை எடுத்தாள். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து மறுபடி மாவைப் பிசைந்தாள். "அக்கா, அக்கா" என்று அவன் அழுத அழுகைக்கு அவள் தலை நிமிரவில்லை. ரொட்டி வெந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு, தூணைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி அவனைச் சுற்றிக்கொண்டு, பஸ்ஸுக்குப் போனாள்.

சரிவு இப்போது வெறும் அடிக்கட்டைகள். குடியிருப்பில் எல்லோரும் எல்லோரோடும் பேசிக்கொள்கிறார்கள். வைத்தியன் வேறொரு காட்டில் பெயிண்ட் டப்பாவோடு அலைகிறான். சாயங்காலம் வீடு திரும்பியதும் சுவருக்குப் பக்கத்தில் நின்று ஒரு தடவை, "அக்கா" என்று கூப்பிடுகிறான்.

அக்கா புதிதாக ஒரு ரேடியோ வாங்கியிருக்கிறாள். அவன் கூப்பிட்டதும் அதன் சத்தம் கூடுகிறது.