கூரை வலையில் ஒரு கம்பி

கருத்தக்கண்ணன் தேனியில் ரேடியோ ரிப்பேர் பார்த்தவர். கம்பம் பள்ளத்தாக்கில் அந்த வேலை தெரிந்த ஆள் அன்றைக்கு அவர் ஒருவர்தான். அதில் அவருக்குப் பெருமை உண்டு. நாற்பத்திரண்டாம் வருஷம் அந்தப் பெருமையே காலில் சுருக்காக விழுந்தது.

அவர் தம்பி சின்னக்கருப்பு பினாங்கில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். மலேயா ஜப்பான்காரன் கைக்குப் போனதிலிருந்து கடிதம் இல்லை. தம்பி மனைவி ராஜாத்தி அவர் வீட்டில்தான் இருந்தாள். ஜெயமங்கலத்திலிருந்து அவளுடைய அண்ணன்மார் வந்து, "தை வரைக்கும் பாப்போம். சேதி இல்லேன்னா கருமாதியை முடிச்சுத் தாலிய எறக்கிக் கூட்டிட்டுப் போயிருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

எதிரி ரேடியோவில் தமிழில் பேசுவதாகவும், அக்கரையில் உயிரோடு இருப்பவர்களின் பேரையும் ஊரையும் வாசிப்பதாகவும் பேச்சு அடிபட்டது. அதைக் கேட்டால் ஜெயில். கடையில் இருந்த ரேடியோப் பெட்டிகளைப் போலீஸ் எழுதிக்கொண்டு போயிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் போடி ஏலக்காய் வியாபாரி வைகுண்டராஜ் அவரைத் தேடி வந்தார். அவர் மகனும் பினாங்கில்தான் இருந்தான். "வீட்டுல வச்சா செவுரு கேக்கும். கார்ல ஒரு ரேடியோ வைக்க முடியுமா?" என்றார்.

அது பழைய கார். இரும்புக் கூரை வராத காலத்து வண்டி. மரச் சட்டத்தின்மேல் துணிக்கூரை, துணி தொய்யாமல் இருக்க உள்ளே கோழிக்கூண்டு வலை. கம்பெனியே வைத்த வலை. கருத்தக்கண்ணன் அதை வண்டியின் இரும்பில் படாமல் நாலு பக்கமும் நறுக்கிப் பிரித்தார். அந்த வலையே ஏரியல். வலையின் மூலையில் ஒரு கம்பியைப் பற்றவைத்து, கதவுத் தூணுக்குள் இறக்கிப் பின்சீட்டுக்கு அடியில் மறைத்துவைத்த ரேடியோப் பெட்டியில் சேர்த்தார். மலை மறைக்கிற ஊர் என்பதால் சிக்னலைத் தூக்கிவிடக் கூடுதலாக ஒரு வால்வு. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

"கூலி வேணாம் மொதலாளி. என் தம்பி பேரும் வருதான்னு கேட்டுச் சொல்லுங்க."

குமுளி மலை வளைவில் எஞ்சினை நிறுத்தினால் குரல் தெளிவாக வந்தது. வாரம் ஒருமுறை வைகுண்டராஜ் ஏலக்காய்க்குப் போகிற சாக்கில் கேட்டார். நூறு பேரின் பேர் வந்தது. அவர்கள் தேடிய இரண்டு பேரும் அதில் இல்லை.

ஐப்பசியில் இன்ஸ்பெக்டர் கருத்தக்கண்ணனைக் கூப்பிட்டார். காரில் கள்ள ரேடியோ மலையேறுவதாகத் தகவல் வந்திருந்தது. "இந்தத் தொழில் தெரிஞ்சவன் நீதான். மலையடிவாரம் லோயர் கேம்ப்ல உக்காந்து ஒவ்வொரு வண்டியா பாத்துச் சொல்லு. என்னைக் கேக்காம எங்கயும் போகக் கூடாது." கடையைப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டார்.

முடியாது என்றால் ஏன் என்ற கேள்வி வரும். போய் உட்கார்ந்தார். நல்லவன் என்று காட்டிக்கொள்ள, புதுக் கார்களில் கால் வைத்து ஏறும் பலகைக்கு அடியில் ஏரியல் ஒளிந்திருக்கும் என்று ஏட்டு முத்துக்கருப்பனுக்குச் சொல்லிக்கொடுத்தார். கூரையைப் பற்றி மூச்சு விடவில்லை.

"ஏலே கருத்தக்கண்ணா, நெதம் குனிஞ்சு குனிஞ்சு எனக்குக் கூன் விழுந்துருச்சு. ஒருத்தனாச்சும் மாட்டுறானா பாரு" என்பார் ஏட்டு.

வைகுண்டராஜ் கார் வாரந்தோறும் வந்து நிற்கும். கருத்தக்கண்ணன் குனிந்து பார்த்து, "ஒண்ணுமில்ல ஏட்டையா" என்பார். முகத்துக்கு முகம் இரண்டு முழம் இருக்கும். பேர் வந்ததா என்று கேட்க வழியில்லை. வைகுண்டராஜ் உதட்டைப் பிதுக்குவார். கார் போய்விடும்.

மார்கழிக் கடைசியில் இன்ஸ்பெக்டரே ஒரு தாளோடு வந்து நின்றார். "பழைய வண்டின்னா கூரையைப் பாக்கச் சொல்லி மதுரையிலேருந்து வந்திருக்கு. ஒனக்குத் தெரியாதா?"

"கேள்விப்பட்டதில்ல ஐயா."

சொல்லி வாய் மூடவில்லை, வைகுண்டராஜ் கார் வந்தது. இன்ஸ்பெக்டர் ஒரு பக்கக் கதவைத் திறந்தார். கருத்தக்கண்ணன் மறுபக்கமாக உள்ளே ஏறினார். அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனால் சீட்டுக்கு அடியில் போய் நிற்கும். அங்கே இரண்டு குடும்பத்து விதி இருந்தது. விரலை மூலைத் துணிக்குள் விட்டு இழுத்தார். இரண்டு முனையிலும் பற்று விட்டுக் கம்பி கையோடு வந்தது. சுருட்டி மடியில் சொருகினார்.

இன்ஸ்பெக்டர் கூரையை அழுத்தினார். "உள்ள வலை இருக்கேப்பா."

"கம்பெனி வலை ஐயா. துணி தொங்காம இருக்க வச்சிருப்பாக. கம்பி இல்லாட்டி அது வெறும் கோழிக்கூண்டுதான்."

இன்ஸ்பெக்டர் மூலை மூலையாகத் தடவிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். வைகுண்டராஜ் வண்டியைக் கிளப்பினார்.

அடுத்த வாரம் கம்பியைத் திரும்பப் பற்றவைத்துவிடலாம் என்று கருத்தக்கண்ணன் கணக்குப் போட்டார். அடுத்த வாரம் காரை டிரைவர்தான் ஓட்டி வந்தான். பெட்டியை மொதலாளி பயந்துபோய் முல்லையாற்றில் போட்டுவிட்டதாகக் காதோடு சொன்னான்.

தை பிறந்தது. ஒருநாள் அனுமதி வாங்கி வீட்டுக்கு வந்தார். ராஜாத்தியின் அண்ணன்மார் ஏற்கனவே வந்து காத்திருந்தார்கள். அவளை அடுப்படிக்குக் கூப்பிட்டு நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். "நாந்தான் கம்பிய அறுத்தேன் ஆத்தா."

அவள் விறகை அடுப்புக்குள் தள்ளினாள். "அப்ப போன வாரம் அவுக பேரை வாசிச்சிருந்தாலும் நமக்குத் தெரியாது."

"தெரியாது."

"இனிமேப்பட்டு வாசிச்சாலும்?"

"கேக்க ஆளில்ல."

ராஜாத்தி வெளியே போய் அண்ணன்மார் முன்னால் நின்றாள். "நான் வரல. காது கேக்காத வீட்டுல இருந்துக்கிட்டு, கூப்பிடலேன்னு எப்படிச் சொல்ல?"

அவர்கள் கருத்தக்கண்ணனைத் திட்டிவிட்டு ஊருக்குத் திரும்பினார்கள். விடிந்ததும் அவர் லோயர் கேம்ப் பஸ் ஏறினார். யுத்தம் முடியும் வரை அங்கேதான் இருந்தார். பிறகு கடை திறந்தார். பெட்டி பழுது பார்க்கையில் சும்மா கூட அக்கரை நிலையம் எதன் பக்கமும் முள்ளைத் திருப்ப மாட்டார். சின்னக்கருப்பைப் பற்றிச் சேதி வரவேயில்லை. ராஜாத்தி கடைசிவரை தாலியோடு இருந்தாள்.