கலியாணப் படமும் ஒரு எபிரேயச் சொல்லும்

படம் பிடிக்கிற தொழிலிலை, படம் நல்லா வந்தால் அது எடுக்க வந்த ஆக்களின்ரை முகம். வராட்டில் அது எங்கடை பிழை. நாள் முழுக்க ஆக்களைச் சமாளிச்சுக் களைச்ச உங்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எண்பதுகளின்ரை கடைசியிலை வட லண்டனிலை ஒரு ஸ்டூடியோவிலை வேலைக்கு நிண்டன். முதலாளி இஸ்ரேல்காரர்.

தெரியாத சொல்

அவசரம் வந்தால் முதலாளிக்கு இங்கிலீசு ஓடிப்போயிடும். நான் பாஸ்போட் படம் எடுக்கேக்கை பின்னாலை நிண்டு "மபாட்! மபாட்!" எண்டு கத்துவார். நான் லைற்றைத் திருப்புவன், கதிரையை நகர்த்துவன். எல்லாம் பிழை. ஒருநாள் பொறுக்கேலாமல் கேட்டுப்போட்டன். எபிரேயத்திலை மபாட் எண்டால் ஒராள் பாக்கிற பார்வையாம். நான் எடுத்த படம் ஒண்டை மேசையிலை போட்டார்.

"இந்த மனுசனுக்குக் கண் இருக்கு. பார்வை எங்கை?"

குனிஞ்ச படம்

இல்ஃபோர்ட்டிலை இருந்து எனக்குத் தெரிஞ்ச பூமணியக்கா தன்ரை மகள் வாசுகியைக் கூட்டிக்கொண்டு வந்தா. ரொறன்ரோ மாப்பிள்ளை வீட்டார் படம் கேட்டவையாம். ஏற்கெனவே ரண்டு சம்பந்தம் குழம்பிப்போச்சு; இதுவும் போனால் இனி ஆர் வருவினம் எண்டு அக்காவுக்கு நித்திரை இல்லை. "கண்ணைக் கீழை வை பிள்ளை" எண்டு தாய். "மபாட்! கமராவைப் பார்!" எண்டு முதலாளி. பிள்ளையின்ரை தலை ஏறி இறங்கிக்கொண்டு கிடந்தது. ஐயோ, நடுவிலை நான்.

ரண்டு விதமாயும் எடுத்தன். அடுத்த கிழமை காட்டினன். நேரை பாத்த படம் சத்தியமாய் நல்ல வடிவு. அக்கா அதை ஒரு விரலாலை தள்ளிவிட்டு மற்றதை எடுத்தா.

"தம்பி, இதை அனுப்பினால் வாய்க்காரி எண்டெல்லோ சொல்லுவினம்."

கோப்பி நேரம்

அவை போனாப்பிறகு முதலாளியிலை ஏறி விழுந்தன். எங்கடை வழக்கம் உங்களுக்குத் தெரியாது, தாய்க்கு இது எவ்வளவு பெரிய விசயம், மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பினம் எண்டு மூச்சு விடாமல் சொன்னன். மனுசன் கோவிக்கேல்லை. கோப்பியைத் தந்துபோட்டு, தங்கடை பாஷையிலை "நெகுடாட் மபாட்" எண்டும் சொல்லுறது, ஒராள் எங்கை நிண்டு பாக்கிறார் எண்ட இடம் எண்டார்.

"தாய் நிக்கிற இடம் சொன்னாய், மாப்பிள்ளை வீடு சொன்னாய். அந்தப் பிள்ளை எங்கை நிக்குது?"

ரொறன்ரோ மறுமொழி

வாசுகி வேலை முடிஞ்சு தனிய வந்தாள். "அண்ணை, நான் நேரை பாத்த படத்தைத் தாங்கோ, அம்மா எடுத்ததுக்குப் பதிலாய் இதை நானே அனுப்புறன்" எண்டாள். அக்கா அறிஞ்சால் என்னை உரிச்சுப்போடுவா எண்டு தெரிஞ்சும் குடுத்தன்.

பிள்ளை துணிஞ்ச ஆள் போலக் கிடக்கு, எங்களுக்குச் சரிவராது எண்டு மறுமொழி வந்தது. அக்கா கடைக்கே வந்து, ஆக்களுக்கு முன்னாலை என்னைத் திட்டித் தீர்த்து, பிறகு அழுதா. எனக்கு மனம் விட்டுப்போச்சு. தாயைக் கூட்டிக்கொண்டு போக வந்த வாசுகி வாசலிலை நிண்டு திரும்பினாள்.

"கவலைப்படாதேங்கோ அண்ணை. படத்திலை நான் பாத்ததுக்கே பயந்த மனுசன், வீட்டிலை நான் பாத்தால் என்ன செய்வார்?"

ஒரு எபிரேயச் சொல்லு விளங்க ஒரு கலியாணம் குழம்பவேண்டிக் கிடந்தது. நான் அடுத்த நாள் காலமையும் போய் அதே கமராவுக்குப் பின்னாலைதான் நிண்டன்.