மாமா ஒட்டிய பக்கம்

அந்தப் புத்தகத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அதை எழுதிய வெள்ளைக்காரர் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பார். இருந்தாலும் தீரவில்லை.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருந்தோம். அம்மாவின் தம்பியான மாமாவும் எங்களோடுதான் இருந்தார். மெட்ராஸ் கம்பெனி ஒன்றுக்காக டாக்டர்களிடம் மருத்துவப் புத்தகங்களுக்கு ஆர்டர் பிடிப்பது அவர் வேலை. கையில் இருந்தது ஒரே ஒரு சாம்பிள். மூளை, நரம்பு வியாதிகளைப் பற்றிய ஆங்கிலப் புத்தகம். செங்கல் கனம், சிவப்பு அட்டை. டாக்டர் புரட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் புதுப் பிரதி பார்சலில் வரும். "இந்த ஒரு புஸ்தகம் இருந்தா மூளைக் கேஸ் எதையும் மெட்ராஸுக்கு அனுப்ப வேணாம் சார்" என்று கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே சொல்லிக்கொண்டு திரிவார்.

அதிலுள்ள வியாதிகளில் ஒன்று எங்கள் வீட்டிலேயே இருந்தது. அக்காவுக்கு வலிப்பு. வலிப்பு வந்தால் இரும்பைக் கையில் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வைத்தியம். அதனால் அவள் இடுப்பில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து தொங்கும். அதிலிருந்த எந்தச் சாவிக்கும் வீட்டில் பூட்டு கிடையாது. விஷயம் தெரியாமல் வருகிறவர்கள், "வீட்டு நிர்வாகமெல்லாம் பொண்ணு கையிலதானா?" என்று கேட்பார்கள். அம்மா சிரித்து மழுப்புவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்கா எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். மஞ்சக்குப்பம் டாக்டர் ஒருவர் கொடுத்த மாத்திரையால் ஒன்பது மாதமாக வலிப்பு எட்டிப் பார்க்கவில்லை. "தாராளமா மேல படிக்கலாம்மா" என்று அவரே சொல்லிவிட்டார். அக்கா ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் வாங்கி, மணி மணியான கையெழுத்தில் நிரப்பி, டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாள். அப்பா கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி. தினமும் ஒருமுறையாவது எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பாள்.

அந்தச் சமயத்தில் ஒருநாள் மாமா சிதம்பரத்திலிருந்து முகம் செத்துப்போய் வந்தார். அங்கே ஒரு டாக்டர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "என்னய்யா, நடுவுல ரெண்டு பக்கம் ஒட்டிக்கிட்டு இருக்கு? பழைய சரக்கா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். ஆர்டர் போயிற்று.

"பிரிச்சு வெச்சிருக்கக் கூடாதா?" என்றாள் அம்மா.

"பைண்டிங் கோளாறுக்கா" என்று சொல்லிவிட்டு மாமா கை கழுவப் போனார்.

அவர் குளிக்கும் நேரம் பார்த்து நான் அந்த இடத்தைத் தேடிப் பிடித்தேன். பைண்டிங்காவது கோளாறாவது. மைதாப் பசை. ஓரம் முழுக்கப் பதமாகத் தடவி ஒட்டியிருந்தார். ஒட்டாமல் வெளியே தெரிந்த பக்கத்தின் மேலே இருந்த வியாதியின் ஆங்கிலப் பெயர் எனக்குத் தெரியும். அக்காவின் மருந்துச் சீட்டில் டாக்டர் எழுதியிருந்த அதே பெயர்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஊரிலுள்ள டாக்டருக்கெல்லாம் புரட்டிக் காட்டலாம், வியாதிக்காரி மட்டும் பார்க்கக் கூடாதா? அதில் முழுசாகக் குணமாக ஏதோ வழி இருக்கிறது, மாமா மறைக்கிறார் என்று முடிவு கட்டினேன். மறுநாள் அவர் ஒரு கல்யாணத்துக்காக வடலூர் போயிருந்தார். இட்லிப் பானையின் ஆவியில் காட்டி, கிழியாமல் பக்கங்களைப் பிரித்தேன்.

அக்கா கொல்லையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கையெல்லாம் செதில்.

"மாமா உனக்குத் தெரியாம ஒட்டி வெச்ச பக்கம்கா. நான் படிக்கிறேன், நீ கேளு" என்றேன்.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. எனக்கு ஆங்கிலம் வாசிக்கக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். ஒன்றும் புரியாமல், எழுத்துக் கூட்டி, உரக்க வாசித்தேன். நீளமான வார்த்தைகள் வாயில் வர வர ஒரே பெருமை. ஓரிடத்தில் திணறியபோது அக்காவே அந்த வார்த்தையைச் சொல்லிக்கொடுத்து, "மேல படிடி" என்றாள். அவள் கை நின்றிருந்தது.

"என்னக்கா போட்டிருக்கு? மருந்து இருக்கா?"

"மாத்திரைய விடாம சாப்புடணுமாம்" என்று மீன் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

நான் வாசித்தது என்ன என்று பல வருஷம் கழித்து, சிதம்பரத்தில் படித்தபோது ஒரு நூலகத்தில் அதே புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இந்த வியாதிக்காரர்களுக்கு நாளாக ஆகப் புத்தி மங்கும், குணம் கெடும், கல்யாணம் கூடாது, குழந்தைகளை இவர்கள் பொறுப்பில் விடக் கூடாது. யாரைப் பார்த்து எழுதினார் அந்த மனுஷர்? என் அக்காவைப் பார்த்தாரா? பக்கத்திலேயே புதிய பதிப்பும் இருந்தது. அதில் அந்தப் பத்தியைக் காணோம். முன்பு எழுதியது தவறு என்று ஒரு வரி கிடையாது. சத்தமில்லாமல் தூக்கிவிட்டார்கள். ஒரு பெண்ணின் படிப்பு போனது அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது.

எங்கள் மேலும்தான் எனக்குக் கோபம். மஞ்சக்குப்பம் டாக்டரிடம் அக்கா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அச்சடித்த ஆங்கிலத்தை எதிர்த்துக் கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. மாமாவுக்கும் ஒட்டத்தான் தெரிந்தது. 'இது பொய்' என்று சொல்ல வாய் வரவில்லை. அதை விற்றுத்தானே சாப்பிட்டார்.

கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் அப்பா பேனாவும் கையுமாக வந்து விண்ணப்பத்தைக் கேட்டார்.

"வேணாம்பா. சின்னப் புள்ளைங்களோட என்னால மல்லுக்கட்ட முடியாது" என்றாள் அக்கா.

மாமா எழுந்து போய்ப் புத்தகத்தைப் புரட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "நீயா பிரிச்ச?" என்றார்.

"ஆமா. நீங்க ஏன் ஒட்டுனீங்க?"

அவர் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தார். ஆக, அவர்தான் அக்காவை மிரட்டித் தடுத்துவிட்டார் என்று தீர்மானித்தேன். அன்றிலிருந்து அவரோடு பேச்சை நிறுத்தினேன். அவர் வாங்கி வந்த தின்பண்டத்தைத் தொடவில்லை. ஒருநாள் அக்காவை வைத்துக்கொண்டே, "அக்கா படிப்பக் கெடுத்தது நீங்கதான்" என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

"அவர ஒண்ணும் சொல்லாதடி" என்றாள் அக்கா. மாமா செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார்.

அவர் வாயடைத்துப் போனது குற்றம் செய்ததால்தான் என்று நினைத்து, அன்றைக்கு நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.