டாக்டர் ரோசலினும் மானஸ்தர்களும்

ரோசலின் மனநல மருத்துவம் படிக்கப் போகிறார் என்றதும் பினாங்கு உறவினர்கள் துக்கம் விசாரிப்பதுபோல் வந்து போனார்கள். இருதய டாக்டர் என்றால் மாப்பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள், பைத்தியக்கார டாக்டரை எவன் கட்டுவான் என்று அத்தை ஒருத்தி காதுபடவே கேட்டார். ரோசலின் படித்து முடித்து, பதின்ம வயதினருக்கும் போதையில் சிக்கியவர்களுக்கும் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். அதே அத்தை பிறகு தூக்கம் வரவில்லை என்று அவரிடமே வந்தார், கிளினிக்கின் பின்வாசல் வழியாக.

மானஸ்தர்களுக்குப் பின்வாசல்தான் பிடிக்கும். அவர்களில் பெரிய மானஸ்தர் தேவாலயக் குழுத் தலைவர் கிளிஃபர்ட். இளையோர் கூட்டத்தில் போதையைப் பற்றிப் பேச ரோசலின் முன்வந்தபோது, நம் பிள்ளைகளுக்கு அது தேவையில்லை என்று தடுத்தவர்.

அடுத்த ஆண்டு அவர் மகள் பெவர்லி, போதைப்பொருள் கலந்த வேப் என்னும் மின்சிகரெட்டை இழுத்துவிட்டுப் பள்ளிக் கழிப்பறையில் மயங்கி விழுந்தாள். மகளை வீட்டுக்கே வந்து பார்க்க முடியுமா, கார் அனுப்புகிறேன் என்று கிளிஃபர்ட் ரோசலினிடம் கேட்டார். எல்லோரையும்போல் கிளினிக்குக்கு வரட்டும் என்றார் ரோசலின்.

தொப்பியும் முகக்கவசமுமாக மகளை அழைத்து வந்தவர், உட்கார்ந்ததுமே குற்றவாளிகளைக் காட்டிக்கொடுத்தார்.

"கெட்ட சகவாசம் டாக்டர். ஜெலுத்தோங் மலிவு ஃப்ளாட் பிள்ளைங்க கெடுத்துட்டாங்க."

பெவர்லி தலை நிமிரவில்லை. "அவங்களுக்கு வாங்கிக் குடுத்ததே நான்தான்லா, டாடி."

ரோசலின் அவரை வெளியே அனுப்பிவிட்டுப் பெண்ணிடம் பேசினார். மாதக்கணக்காக அவளுக்குத் தூக்கமில்லை. செத்துவிடலாம் என்றுகூட நினைத்திருக்கிறாள். வேப் இழுத்தால் மனது கொஞ்சம் அடங்கியது. வீட்டில் சொல்லவில்லையா என்று ரோசலின் கேட்டார்.

"சொன்னேன் டாக்டர். ஜெபமாலை சொல்லச் சொன்னாங்க."

மனச்சோர்வுக்கு மருந்து கொடுத்து, வாராவாரம் உட்கார வைத்துப் பேசினார் ரோசலின். நடுவில் இரண்டு முறை பெவர்லி மறுபடி வேப்பைத் தொட்டாள். இரண்டு முறையும் தானே வந்து சொன்னாள். ஆலோசனைக்கு அழைக்கப்பட்ட தகப்பனார் ஒரே ஒரு நாள் வந்து, கைபேசியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

மகள் தேறிப் பள்ளிக்குத் திரும்பியதும் ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின் கிளிஃபர்ட் மைக்கைப் பிடித்தார். வைத்தியத்துக்கு அடங்காத மகளின் காய்ச்சல் நவநாள் ஜெபத்தால் தீர்ந்தது என்று தழுதழுத்த குரலில் சாட்சி சொன்னார். கடைசி வரிசையில் ரோசலின் இருப்பது அவருக்குத் தெரியும். சபை கைதட்டியது. பெவர்லி முன்வரிசையிலிருந்து எழுந்து, எல்லோரும் பார்க்க நடந்து வந்து, ரோசலின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரோசலின் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவளுக்கு இடம் விட்டார்.

பெவர்லி இப்போது பஸ் ஏறித் தனியாகவே கிளினிக்குக்கு வருகிறாள், முன்வாசல் வழியாக. விசாரிப்பவர்களிடம் டியூஷனுக்குப் போகிறாள் என்கிறார் கிளிஃபர்ட்.